பிள்ளை வளர்கிறான், ஆட்டம் ஏன் தடுமாறுகிறது?

"ஆறு மாசத்துக்கு முன்னாடி வரைக்கும் நல்லா ஆடிட்டிருந்தான் டாக்டர். இப்போ பந்து கையில நிக்கல, சும்மா ஓடினாலே கால் இடறுது. கவனமே இல்லைன்னு கோச் திட்டறார்."

கூடைப்பந்து ஆடும் பதினான்கு வயது மகனோடு வந்த அப்பா சொன்னது இது. பையன் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தான். வலது முழங்காலுக்குக் கீழே வலி என்றுதான் கூட்டி வந்திருந்தார்கள். ஆட்டம் கெட்டுப்போனது அப்பாவின் கூடுதல் புகார்.

முழங்காலைத் தொடுவதற்கு முன் நான் ஒன்று கேட்டேன். "இந்த ஒரு வருஷத்துல எத்தனை தடவை ஷூ மாத்தினீங்க?"

"மூணு தடவை. தேயறதுக்குள்ள பத்தாம போயிடுது."

பாதி விடை அதிலேயே கிடைத்துவிட்டது. வளர்ச்சி வேகம் பிடிக்கும் பருவத்தில் முதலில் நீள்வது பாதம், பிறகு கால்கள். முதுகும் மார்பும் கடைசியில்தான் வந்து சேரும். அதனால்தான் இந்த வயதில் பிள்ளைகள் வெறும் காலும் கையுமாகத் தெரிகிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு 12 வயதை ஒட்டியும் ஆண் பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் இந்த வேகம் உச்சத்தைத் தொடும். ஆளுக்கு ஆள் ஓரிரு வருடம் முன்பின் ஆகலாம். உச்ச வருடத்தில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளர்வது சாதாரணம். எலும்பு நீண்ட பிறகுதான் தசை பருத்து வலுவடைகிறது. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பையனிடம் இருப்பது நீண்ட கால், பழைய வலு, பழைய பழக்கம். போன வருடக் காலின் நீளத்தை மனதில் வைத்தே உடம்பு இன்னும் அடி எடுத்து வைக்கிறது. திட்டினால் சரியாகிற விஷயமா இது?

கூடைப்பந்தில் இதற்கு மேல் ஒரு சங்கடம் உண்டு. 1891 டிசம்பரில், இந்த ஆட்டத்தை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பீச் பழக் கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்து மாடியின் கைப்பிடியில் மாட்டினார். அந்தக் கைப்பிடி 10 அடி உயரத்தில் இருந்தது. கூடை இன்றைக்கும் அதே 3.05 மீட்டரில்தான் நிற்கிறது. ஆகவே வகுப்பில் முதலில் நெடுநெடுவென வளர்கிற பிள்ளையை எல்லோரும் அணிக்கு இழுப்பார்கள். பள்ளி அணியில் அவன், கிளப் அணியில் அவன், மூத்தவர்கள் பிரிவில் ஆள் குறைந்தாலும் அவன்தான். எலும்பு முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டுகள் (எலும்பு நீள்வது இங்கிருந்துதான்) மிகவும் நொய்ந்திருக்கும் அதே மாதங்களில் அணியிலேயே அதிகம் குதிக்கிறவனும் அவனாகிவிடுகிறான்.

அந்தப் பையனுக்கு முழங்கால் சில்லுக்குக் கீழே சின்னதாக ஒரு மேடு இருந்தது. அழுத்தியதும் முகம் சுளித்தான். தொடையின் முன்பக்கத் தசை, சில்லு வழியாக இறங்கி வந்து கணைக்கால் எலும்பைப் பற்றிக்கொள்ளும் இடம் அது. வளரும் வயதில் அங்கே எலும்பு முழுதாக இறுகியிருக்காது. ஒவ்வொரு குதியும் அந்த இடத்தைப் பிடித்து இழுக்கும். இதற்கு ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்று பெயர். 1903-இல் அமெரிக்காவில் ஒருவரும் சுவிட்சர்லாந்தில் ஒருவருமாகத் தனித்தனியே இதைப் பற்றி எழுதிய இரண்டு மருத்துவர்களின் பெயர்கள் அவை. குதிகாலில் இதே மாதிரி வருவது செவர்ஸ். இரண்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை. எலும்பு இறுகியதும் வலி பெரும்பாலும் அடங்கிவிடும். மேடு மட்டும் சிலருக்குத் தங்கிவிடும். தேய்த்துக் கரைக்கப் பார்க்காதீர்கள், அது எலும்பு. மாதக்கணக்கில் உட்கார வைப்பதும் வேண்டாம். வலுவிழந்த தொடையோடு திரும்பி வருகிறவனுக்கு வலியும் கூடவே திரும்பி வரும். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று பிள்ளையிடமே கேளுங்கள். பயிற்சியின்போது 3-ஐத் தாண்டாமல், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்தப் பயிற்சியைத் தொடரலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் விதி.

சில வலிகளை மட்டும் இப்படிப் பொறுத்துப் பார்க்கக் கூடாது. இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, மூட்டு வீக்கம், காய்ச்சலோடு வரும் வலி, நொண்டி நடப்பது. இவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். இந்த வயதில் இடுப்பு மூட்டின் பந்துப் பகுதி வளர்ச்சித் தட்டிலிருந்து நழுவிவிடுவது உண்டு. அந்தப் பிள்ளை பல நேரம் இடுப்பைக் காட்டுவதில்லை, "முட்டி வலிக்குது" என்றுதான் சொல்லும். அதற்கு அவசரமாக அறுவை சிகிச்சை தேவைப்படும். முழங்கால் வலி என்று வரும் எந்தப் பிள்ளையையும் இடுப்பைச் சுழற்றிப் பார்க்காமல் நான் அனுப்புவதில்லை.

சரி, பயிற்சிக்கு வருவோம். எடை தூக்கினால் வளர்த்தி நின்றுவிடும் என்ற பயம் பல பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது. முறையாகச் சொல்லிக்கொடுத்து, கண்காணிப்போடு செய்யும் எடைப்பயிற்சி உயரத்தைக் குறைப்பதாக எந்தச் சான்றும் இல்லை. 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் செயல்களில் ஈடுபட வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மகன் ஒரே மாலையில் நூறு தடவை ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, குதிப்பதை ரசித்துப் பார்க்கும் அப்பா, 8 கிலோ டம்பெல்லைக் கையில் கொடுத்தால் பதறுகிறார். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கால்கள் உடம்பு எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகின்றன. நான் பயப்படுவது ஆளில்லாத ஜிம்மில் நண்பர்களோடு பந்தயம் கட்டித் தூக்கும் எடைக்குத்தான்.

முதல் கருவி ஒரு டேப். மாதம் ஒருமுறை, காலையில், செருப்பில்லாமல், ஒரே சுவரில் உயரத்தைக் குறியுங்கள். மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் ஏறினால் வேகப் பருவம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன். அப்போது குதிப்பைக் குறைத்து, வலுப்பயிற்சியைத் தக்கவைத்து, குதித்து இறங்கும் முறையை முதலிலிருந்து கற்றுக்கொடுப்பேன். ஆட்டமும் எலும்பை வலுப்படுத்துவதால், தனி வலுப்பயிற்சி வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் போதும். பெட்டியில் உட்கார்ந்து எழும் ஸ்குவாட், ஒரு கால் முன்னே வைத்து இறங்கும் ஸ்ப்ளிட் ஸ்குவாட், இடுப்பை மடித்துத் தூக்கும் டெட்லிஃப்ட், ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்துவது, புஷ்-அப், இழுக்கும் பயிற்சி ஒன்று. எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரண்டு மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்திவிட வேண்டும்.

இறங்கும் பயிற்சிக்குத்தான் பொறுமை வேண்டும். முழங்கால் உயரம்கூட இல்லாத படியிலிருந்து இறங்கி, இரண்டு விநாடி அப்படியே நிற்கச் சொல்லுங்கள். எதிரே மொபைலை வைத்துப் படம் எடுங்கள். முட்டிகள் உள்பக்கம் சரிந்து ஒன்றையொன்று நோக்கிப் போகிறதா பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தையும் கேளுங்கள். 'தொப்' என்று விழுந்தால் இடுப்பும் முட்டியும் மடங்கவில்லை என்று அர்த்தம். இரண்டு காலில் இது அமைதியான பிறகு ஒற்றைக்கால், அதன் பிறகு பக்கவாட்டில், கடைசியாக ஒருவர் லேசாகத் தோளில் தட்டிவிட. பெண் பிள்ளைகளின் கோச்சுகள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. முழங்காலுக்குள் இருக்கும் முன் சிலுவைத் தசைநார் கிழிவது அவர்களுக்கு ஆண் பிள்ளைகளைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு அதிகம். அதில் பெரும்பாலானவை யாரும் மோதாமலேயே, இறங்கும்போதோ ஓட்டத்தைச் சட்டென நிறுத்தித் திரும்பும்போதோ நடப்பவை.

நிறுத்துவது என்றதும் ஒரு புலம்பல். தரையில் ஏணியை விரித்து, கால்களைச் சடசடவென மாற்றி வைக்கும் பயிற்சியைப் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏணியில் யாரும் பிரேக் போடுவதில்லை. ஓர் ஆட்டத்தில் ஒரு வீரர் ஓடுவது, நிற்பது, நகர்வது, குதிப்பது என ஏறத்தாழ ஆயிரம் முறை அசைவை மாற்றுகிறார். முழு வேகத்தில் வந்து, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு மூன்று குறுகிய அடிகளில் நிற்பதைத் தனியாகக் கற்றுக்கொடுக்கும் கோச்சுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

கணுக்காலுக்குப் பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நின்றாலே நல்ல தொடக்கம். ஒருமுறை பிசகிய கால் மறுபடி பிசக வாய்ப்பு அதிகம் என்பதால் அந்தக் காலுக்குக் கூடுதல் நேரம். வாரத்தில் ஒரு நாள் பந்தைத் தொடாத நாளாக இருக்கட்டும். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்; தேர்வுக் காலத்தில் அது குறைந்தால் அந்த வாரப் பயிற்சியையும் குறையுங்கள்.

அந்தப் பையன் பிறகு ஒரு வருடத்தில் 9 சென்டிமீட்டர் வளர்ந்தான். அதில் நான்கு மாதம் அவனைக் குதிக்கவிடாமல், ஷூட்டிங்கும் பாஸிங்கும் மட்டும் செய்ய வைத்தார் கோச். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தார். மேடு அப்படியே இருக்கிறது. வலி எப்போதாவது 2, பெரும்பாலும் 0. "எப்போ டங்க் பண்ணலாம்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறான். எகிறிக் குதித்துப் பந்தைக் கையாலேயே கூடைக்குள் திணிப்பதுதான் டங்க். கடந்த மூன்று மாதத்தில் ஏறியது 9 மில்லிமீட்டர்தான். ஆகவே பெட்டி மேல் குதித்து ஏறும் பாக்ஸ் ஜம்ப்பைத் திரும்ப ஆரம்பித்திருக்கிறோம், வாரம் இரண்டு நாள், ஒரு நாளைக்கு 20 குதிக்கு மேல் இல்லை. எண்ணுவது அவன் அப்பா.