266 ரூபாய் 50 காசு

45 கிலோ யூரியா மூட்டையில் அச்சடித்திருக்கும் விலை 266 ரூபாய் 50 காசு. மன்னார்குடியில் வாங்கினாலும் மதுரையில் வாங்கினாலும் அதுதான். பத்து வருடத்துக்கும் மேலாக டீசல் ஏறியது, நடவுக் கூலி ஏறியது, அறுவடை மிஷின் வாடகை ஏறியது. யூரியா மட்டும் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதைப் பிடித்து நிறுத்தியிருப்பது, பிப்ரவரி 1-ஆம் தேதி டெல்லியில் தாக்கலாகும் பட்ஜெட்டில் உர மானியம் என்று வரும் ஒரு ஒதுக்கீடு. அந்தக் கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால், நட்ட பயிர் காத்திருக்கும்போது கடையில் ஏன் உரம் இல்லை என்பதும் புரியும்.

முதலில் மூட்டைக்குள் இருப்பதைப் பார்ப்போம். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் நெற்பயிரால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து, கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் காற்றின் நைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா கிடைக்கும். அதிலிருந்து யூரியா. ஆக, யூரியாவின் அடக்க விலை பெரும்பாலும் எரிவாயுவின் விலைதான். நம் உர ஆலைகளுக்கு வேண்டிய வாயுவில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. பாஸ்பேட் உரமான டிஏபிக்கு வேண்டிய பாஸ்பேட் பாறைக்கு மொராக்கோ, ஜோர்டான் போன்ற நாடுகளை நம்பியிருக்கிறோம். பொட்டாஷ் ஏறக்குறைய முழுக்க இறக்குமதி.

அப்படியானால் ஒரு பக்கம் தினம் ஆடும் உலகச் சந்தை விலை, மறுபக்கம் ஆடாமல் இருக்கும் மூட்டை விலை. நடுவில் உள்ள பள்ளத்தை நிரப்புவதுதான் மானியம். 2022 பிப்ரவரி 1 அன்று வந்த பட்ஜெட், 2022-23 நிதியாண்டுக்கு இந்தப் பள்ளம் சுமார் 1.05 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 23 நாள் கழித்து ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. எரிவாயு, பொட்டாஷ், பாஸ்பேட் எல்லாம் எகிறின. ஆண்டு முடிவில் உண்மையில் செலவானது சுமார் 2.51 லட்சம் கோடி. யூரியா மூட்டையின் விலை ஒரு காசு கூட ஏறவில்லை. முந்தைய ஆண்டே டிஏபிக்கும் இதே கதை. 2021 மே மாதத்தில் ஒரு மூட்டையின் உண்மை விலை 2,400 ரூபாய்க்குப் போனபோது, மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ஆக்கி, விவசாயிக்குப் பழைய 1,200 ரூபாய் விலையையே வைத்தது அரசு.

சரி, அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது? விவசாயிக்கு அல்ல. 2018 முதல் நாடெங்கும் உள்ள முறை இதுதான்: உரக்கடையில் இருக்கும் சிறிய மிஷினில் ஆதாரைக் காட்டிக் கைரேகை வைத்து மூட்டையை வாங்குகிறோம். அந்த விற்பனை பதிவான பிறகே உர நிறுவனத்துக்கு அரசு மானியத்தைக் கொடுக்கும். அதாவது ஆலையோ இறக்குமதியாளரோ முழுச் செலவையும் முன்கூட்டியே போட்டுவிட்டு, மூட்டை கடைசி ஊர் வரை வந்து விற்கும்வரை காத்திருக்க வேண்டும்.

சிற்றூர் வியாபாரம் இங்கேதான் அடி வாங்குகிறது. பட்ஜெட்டில் ஒதுக்கியது பற்றாமல் போனால் நிறுவனத்துக்கு வரவேண்டிய பாக்கி தங்கும். இப்படி வருடக்கணக்கில் சேர்ந்த பாக்கியைத் தீர்ப்பதும் ஒரு நோக்கமாகத்தான் 2020 நவம்பரில் மத்திய அரசு கூடுதலாக 65,000 கோடி ரூபாய் அறிவித்தது. பாக்கி நிற்கும்போது நிறுவனம் வட்டிக்கு வாங்கி ஓட்டும். அப்புறம் டீலருக்குக் கொடுக்கும் தவணையைக் குறைக்கும். டீலர், ஊர் உரக்கடைக்காரரிடம் கையில் காசு கேட்பார். கடைக்காரரின் நோட்டில் "அறுப்புக்குத் தருகிறேன்" என்று எழுதி உரம் வாங்கிப்போகும் ஒரு ஏக்கர்க்காரருக்கு அந்த வருடம் கடன் கிடைக்காது. உரத்தில் கடைக்காரருக்கு நிற்கும் கமிஷன் மிகச் சொற்பம். அவரால் யாருக்காகவும் நீண்ட நாள் தாங்க முடியாது. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இன்னொன்றும் நடக்கும். மானியத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் கட்டுப்படியாகாது என்றால் இறக்குமதியாளர் கப்பலே கேட்க மாட்டார். விலைப்பலகையில் விலை அப்படியே இருக்கும், மூட்டைதான் இருக்காது. 2024 அக்டோபர், நவம்பரில் பஞ்சாப், ஹரியானா, மத்தியப் பிரதேசத்தில் கோதுமை விதைக்கும் நேரத்தில் டிஏபிக்காக விவசாயிகள் நீண்ட வரிசையில் நின்றார்கள். டிஏபி அடியுரம். விதைக்கும்போது மண்ணுக்குள் போகாவிட்டால் அதன் பலன் பெரிதும் குறைந்துவிடும். ஒரு மாதம் கழித்துக் கப்பல் வந்து என்ன செய்வது?

என்னைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய பாதிப்பு வயலுக்குள் நடந்திருக்கிறது. 2010 ஏப்ரல் முதல் பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களுக்கு ஒரு கிலோ சத்துக்கு இவ்வளவு என்று நிலையான மானியம் வந்தது. மீதி விலை சந்தையின் போக்குக்கு விடப்பட்டது. யூரியாவை மட்டும் இந்தத் திட்டத்துக்குள் கொண்டுவரவில்லை. அதுவரை 223 ரூபாயாக இருந்த 50 கிலோ பொட்டாஷ் மூட்டை, சில ஆண்டுகளில் 800 ரூபாயைத் தாண்டியது. யூரியா அருகிலேயே மலிவாகக் கிடந்தது. விவசாயி என்ன செய்வார்? தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பேட்), சாம்பல்சத்து (பொட்டாஷ்) மூன்றும் 4:2:1 என்று இருப்பது நல்லது என்பார்கள். 2012-13-இல் நாடு முழுவதுக்குமான கணக்கில் ஒரு பங்கு சாம்பல்சத்துக்குச் சுமார் 8 பங்கு தழைச்சத்து போய்க்கொண்டிருந்தது.

யூரியா போட்ட வயல் சில நாளில் கரும்பச்சையாகிவிடும், பார்க்கவே மனசு நிறையும். ஆனால் அளவு மீறினால் தண்டு மெலிந்து நீளும், கதிர் முற்றும்போது காற்றுக்குச் சாயும். சாறு நிறைந்த இளம் திசுவைத் தேடிப் புகையான் பூச்சி வரும். தண்டுக்கு வலுவும் நோய்க்கு எதிர்ப்பும் தருவது சாம்பல்சத்து. அதைத்தான் நாம் குறைத்தோம். தண்ணீர் நிற்கும் வயலில் போடும் நைட்ரஜனில் பாதிக்கும் குறைவாகவே பயிருக்குப் போகிறது. மீதி அம்மோனியாவாக ஆவியாகும், நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு இறங்கும், நைட்ரஸ் ஆக்சைடாக வானத்துக்கு ஏறும். மானியப் பணத்திலும் அதே அளவு இப்படித்தான் கரைகிறது.

அதனால் பட்ஜெட் அன்று மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பது போதாது. பயிர்ப் பருவத்தை ஒட்டி ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிக்கும் சத்து வாரியான மானியத்தைப் பாருங்கள். 2010-இல் ஒரு கிலோ சாம்பல்சத்துக்குக் கிடைத்தது 24 ரூபாய் 49 காசு. 2023 அக்டோபர் முதல் 2 ரூபாய் 38 காசு. உலகச் சந்தையில் பொட்டாஷ் விலை அப்போது இறங்கியிருந்தது உண்மைதான். இருந்தாலும் 50 கிலோ மூட்டையில் 30 கிலோ சாம்பல்சத்து என்று வைத்தால், மூட்டைக்கு 735 ரூபாயாக இருந்த மானியம் 71 ரூபாய் ஆகிவிட்டது. அதே கடையில், பக்கத்து அடுக்கில், யூரியா இன்னும் 266 ரூபாய் 50 காசுதான்.