ப்ராக்ஸி: பதிலியா, பினாமியா?

வகுப்புக்கு வராத நண்பனின் பெயர் அழைக்கப்படும்போது இன்னொருவன் குரல் கொடுத்தால் அது ப்ராக்ஸி. பொதுக்கூட்டத்துக்கு வர இயலாத பங்குதாரர் தன் வாக்கை வேறொருவரிடம் ஒப்படைத்தால் அதுவும் ப்ராக்ஸி. இரண்டு வல்லரசுகள் நேரே மோதாமல் மூன்றாவது நாட்டின் மண்ணில் சண்டையை மூட்டிவிட்டால் அதற்கும் இதே பெயர். நம் கணினிக்கும் இணையதளத்துக்கும் நடுவில் நிற்கும் வழங்கியையும் (சர்வர்) ப்ராக்ஸி என்கிறோம். நான்கிலும் ஒருவர் இடத்தில் இன்னொருவர் நிற்கிறார். யாருடைய சம்மதத்தோடு, யாருடைய நலனுக்காக நிற்கிறார் என்பதுதான் ஒவ்வொன்றிலும் மாறுகிறது. இணையதளங்களுக்கு நாளொன்றுக்கு லட்சக்கணக்கில் கோரிக்கைகள் போய்வரும் வேலைக்கு ப்ராக்ஸி தேடுகிறவர்கள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். ஆகவே சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

லத்தீனில் ‘ப்ரோ’ என்றால் பொருட்டு. ‘கூரா’ என்றால் கவனிப்பு, அக்கறை. இரண்டும் சேர்ந்த ‘ப்ரோகூராரே’ என்ற வினைக்கு, ஒருவர் பொருட்டு அவருடைய காரியத்தைக் கவனித்துக்கொள்வது என்று பொருள். பிறருடைய சொத்தையும் வழக்கையும் பார்த்துக்கொண்டவர் ‘ப்ரோகூராத்தோர்’. பேரரசின் வருவாயைக் கவனித்த ரோமானிய அதிகாரிகளுக்கும் அந்தப் பட்டம் இருந்தது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘ப்ரொக்யுரசி’ என்று வழங்கிய சொல், நாக்கில் தேய்ந்து 15ஆம் நூற்றாண்டு வாக்கில் ‘ப்ராக்ஸி’ ஆனது. தேர்வு அறையை மேற்பார்வையிடும் ‘ப்ராக்டர்’ என்ற சொல்லும் இதே வேரிலிருந்து தேய்ந்து வந்ததே. ப்ராக்ஸி என்றதும் ஒளிந்துகொள்வதே இன்று பலருக்கு நினைவுக்கு வருகிறது. சொல்லின் வேரிலோ அக்கறைதான் இருக்கிறது.

கணினித் துறைக்குள் இந்தச் சொல் வந்ததும் அந்தப் பழைய பொருளோடுதான். தொலைவில் இருக்கும் ஒரு சேவைக்கு உள்ளூரில் ஒரு பிரதிநிதியை நிறுத்தி, அதன் வழியாகவே பேச வேண்டும் என்ற கருத்தைக் கணினி ஆய்வாளர் மார்க் ஷபிரோ 1986இல் ‘ப்ராக்ஸி கோட்பாடு’ என்ற பெயரில் முன்வைத்தார். 1994 மே மாதம் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் அரி லுவோதனனும் கெவின் ஆல்டிஸும் வலைக்கான ப்ராக்ஸியை விளக்கினார்கள். நிறுவன வலையமைப்பைக் காக்கும் தீயரணுக்கு (ஃபயர்வால்) உள்ளே இருப்பவர்கள் வெளி வலையை எட்டிப் பார்க்க ஒரு வழி. ஒருமுறை வந்த பக்கத்தைச் சேமித்து வைத்து அடுத்தவருக்கு உடனே கொடுக்கும் வசதி. அன்றைய தேவை இவ்வளவுதான். அடையாளத்தை மறைக்கும் வேலை பிறகுதான் முன்னுக்கு வந்தது.

தமிழில் என்ன சொல்வது? பதிலி, பதிலாள், நிகராளி, முகவர், பினாமி என்று பல சொற்கள் கண்ணில் படுகின்றன. என் தேர்வு ‘பதிலி’. நான்கு கால்களை உடையது நாற்காலி ஆவதுபோல், பதிலாக நிற்கும் தன்மையை உடையது பதிலி. சிறிய சொல், மனிதருக்கும் பொருந்தும், இயந்திரத்துக்கும் பொருந்தும். ‘பதிலாள்’ என்பதில் ஆள் இருப்பதால் வாக்களிக்கும் பிரதிநிதிக்கு அதை வைத்துக்கொள்ளலாம். ‘முகவர்’ என்ற சொல் ஏஜெண்டுக்குப் போய்விட்டது.

‘பதில்’ தமிழ் வேர்ச்சொல்லா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்று, ஈடு என்று பொருள்படும் ‘பதல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து அது வந்தது. நமக்கு முதலில் ஈடு என்ற பொருளில் வந்து, பின்னர் கேள்விக்கு ஈடாகத் தருவதால் விடைக்கும் பெயரானது. தமிழ் ஒலிக்கு முற்றிலும் இணங்கி, தமிழ் விகுதியையும் ஏற்றுக்கொண்ட சொல்லை விரட்ட எனக்கு மனம் வரவில்லை. தனித்தமிழே வேண்டும் என்பவர்களுக்கு ‘நிகராளி’ இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: இறுதி இகரத்தை விட்டுவிட்டு ‘பதில் வழங்கி’ என்று எழுதினால் விடை சொல்லும் வழங்கி என்றாகிவிடும். ‘பதிலி வழங்கி’ என்றே எழுத வேண்டும்.

ஒருவருக்காக இன்னொருவர் நிற்கும் இந்தக் கருத்து நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே செல்பவர்களைத் தொல்காப்பியம் ‘வாயில்கள்’ என்கிறது. தோழி, பாணன், விறலியர், விருந்தினர் என்று பன்னிருவரை எண்ணிச் சொல்கிறது. தலைவன் அனுப்பிய பாணனைத் தலைவி திருப்பி அனுப்பினால் அது ‘வாயில் மறுத்தல்’. வந்தவன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அனுப்பியவன் யார் என்று அவளுக்குத் தெரியும். பதிலியைக் கண்டுகொண்ட ஒரு தளம் கதவைச் சாத்தும்போதெல்லாம் எனக்கு இந்த வாயில் மறுத்தல்தான் நினைவுக்கு வருகிறது.

பதிலி யார் பக்கம் நிற்கிறது என்பதே தேர்வின் முதல் கேள்வி. கேட்பவர் பக்கம் நின்றால் அது வழக்கமான பதிலி. தருபவர் பக்கம் நின்று, வருகிறவர்களை வரவேற்று உள்ளே இருக்கும் வழங்கிகளுக்குப் பகிர்ந்துகொடுத்தால் அதைத் ‘தலைகீழ்ப் பதிலி’ என்று எழுதுகிறார்கள். அந்தப் பெயர் எனக்கு ஒப்பவில்லை. அங்கே தலைகீழாக எதுவும் இல்லை. வாசலில் ஒருவர் நிற்கிறார், அவ்வளவே. ‘வாயிற்பதிலி’ என்றால் பொருள் தெளிவாக விளங்கும். 2004இல் வெளியான என்ஜின்எக்ஸ், அதற்கும் மூத்த எச்ஏப்ராக்ஸி ஆகிய மென்பொருள்கள் இந்த வேலைக்குப் பெயர்பெற்றவை. பயனர் கூட்டம் உங்கள் தளத்தை நோக்கி வருகிறது என்றால் உங்களுக்குத் தேவை இதுதான். வாடகைக்கு விடப்படும் ஐபி முகவரிகளின் (இணைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்கள்) பட்டியலை நீங்கள் பார்க்கவே வேண்டாம்.

ஒரு நிறுவனத்தின் ஆயிரக்கணக்கானோர் ஒரே வாசல் வழியே வெளியே போக வேண்டும் என்றால், சொந்தமாக ஒரு பதிலியை நிறுவுவது நல்லது. ஸ்க்விட் என்ற மென்பொருள் 1996 முதல் இந்தப் பணியைச் செய்துவருகிறது. ஆனால் பழைய அறிவுரைகளை நம்பி, பக்கங்களைச் சேமித்து வைக்கப் பெரிய வன்தட்டு வாங்கிவிடாதீர்கள். இன்றைய போக்குவரத்தில் பெரும்பகுதி எச்டிடிபிஎஸ், அதாவது நடுவில் இருப்பவர் படிக்க முடியாதபடி மறையாக்கப்பட்டது. உலாவி ‘கனெக்ட்’ என்ற கட்டளையை அனுப்பி ஒரு சுரங்கப்பாதையைத் திறக்கச் சொல்கிறது. அதற்குள் போவது மறையாக்கப்பட்ட தரவு. பதிலிக்கு உள்ளடக்கம் தெரியாது, ஆகவே சேமித்து வைத்து மறுபடி கொடுக்கவும் இயலாது. சேமிப்பின் பயன் இன்று முழுமையாகக் கிடைப்பது, தளத்தின் சான்றிதழைத் தானே வைத்திருந்து மறையைத் திறக்கும் வாயிற்பதிலிக்குத்தான்.

நெரிசல் உண்மையில் வேறிடத்தில் வருகிறது. பதிலி வழியே போகும் ஒவ்வொரு இணைப்பும் உண்மையில் இரண்டு: கேட்பவரிடமிருந்து பதிலிக்கு ஒன்று, பதிலியிலிருந்து தளத்துக்கு ஒன்று. லினக்ஸில் ஒரு நிரல் ஒரே நேரத்தில் திறந்துவைக்கக்கூடிய கோப்புகளின் தொடக்க வரம்பு பொதுவாக 1024. இணைப்புகளும் அந்தக் கணக்கில்தான் சேரும். அதை உயர்த்தாமல் விட்டால் ஏறத்தாழ ஐந்நூறு இணைப்புகளிலேயே பதிலி திணறும். இயந்திரத்தில் நினைவகம் தாராளமாகக் காலியாக இருக்கும். பிழை எங்கிருந்து வருகிறது என்றே புரியாது.

அடுத்தது போர்ட் எண்கள். பதிலி வெளியே செல்ல ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு போர்ட், அதாவது இணைப்பைப் பிரித்துக் காட்டும் ஒரு எண், வேண்டும். லினக்ஸ் இதற்கென ஒதுக்கும் வழக்கமான எல்லை 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232 எண்கள். இணைப்பை முதலில் மூடும் பக்கத்தில் அந்த எண் 60 விநாடிகள் காத்திருப்பில் கிடக்கும். ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரே தளத்தின் ஒரே முகவரிக்குப் போனால், விநாடிக்குச் சுமார் 470 புதிய இணைப்புகளுக்கு மேல் தாங்காது. பெரிய இயந்திரம் வாங்கினால் இது தீராது. இணைப்புகளை மூடாமல் மறுபடி பயன்படுத்த வேண்டும். அல்லது பதிலிக்கு வெளிமுக முகவரிகளைக் கூட்ட வேண்டும். ‘வரம்பற்ற இணைப்புகள்’ என்று ஒரு விற்பனையாளர் சொன்னால், வெளியே போக எத்தனை முகவரிகள், ஒவ்வொன்றும் எத்தனை பேரோடு பகிரப்படுகிறது என்று கேளுங்கள்.

வலை உலாவலுக்கு எச்டிடிபி பதிலி போதும். வேறு வகை இணைப்புகளும் போக வேண்டும் என்றால் சாக்ஸ் 5 என்ற வகைப் பதிலி. அதன் விதிமுறை 1996இல் ஆர்எஃப்சி 1928 என்ற இணையத் தர ஆவணமாக வெளியானது. அது உள்ளே போவது என்ன மொழி என்று கேட்பதில்லை. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சாக்ஸ் தானாக எதையும் மறையாக்கம் செய்வதில்லை.

மூன்றாவது வகைப் பயனர்தான் சந்தையில் அதிகம் அலைகிறார்: பொதுவில் உள்ள பக்கங்களைப் பெருமளவில் திரட்டும் நிரலை வைத்திருப்பவர். இவருக்கு இரண்டு வகைகள் காட்டப்படும். தரவு மையத்தில் உள்ள வழங்கிகள் வழியே போகும் தரவு மையப் பதிலி வேகமானது, பெரும்பாலும் முகவரி ஒன்றுக்கு மாத வாடகை. ஆனால் முகவரிகள் அடுத்தடுத்த எண்களாக ஒரே தொகுதியில் இருந்தால், தளம் 256 முகவரிகளையும் ஒரே விதியால் மூடிவிட முடியும். நூறு முகவரிகள் வாங்கினால் அவை எத்தனை தொகுதிகளில் சிதறியிருக்கின்றன என்று பார்க்க வேண்டும். வீட்டு முகவரிப் பதிலி யாரோ ஒருவரின் வீட்டு இணைப்பு வழியே போவது. வேகம் குறைவு, மறுக்கப்படுவதும் குறைவு, கட்டணம் பெரும்பாலும் ஜிகாபைட் கணக்கில். ஒரு பக்கம் 2 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சம் பக்கங்களுக்கு 200 ஜிகாபைட். படங்களை இறக்காமல் எழுத்தை மட்டும் எடுத்தால் இது பல மடங்கு சுருங்கும். உள்நுழைவு தேவைப்படும் வேலையில் முகவரி நடுவழியில் மாறினால் அமர்வு, அதாவது உள்நுழைந்த நிலை, அறுந்துபோகும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் முகவரியை மாற்றும் சுழல் பதிலி அங்கே உதவாது.

அதற்கும் முன்னால், தளம் 429 என்ற குறியீட்டைத் திருப்பி அனுப்பினால் ‘மிக அதிகமாகக் கேட்கிறாய்’ என்று பொருள். 2012இல் இதற்கென்றே வகுக்கப்பட்ட குறியீடு அது. வேகத்தைக் குறைத்தால் பல வேலைகள் ஒற்றை முகவரியிலேயே முடிந்துவிடும். முகவரிகளைக் கூட்டுவதற்கு முன் இதை முயன்று பாருங்கள் என்று நான் வலியுறுத்திச் சொல்வேன்.

வீட்டு முகவரிகளில் என்னை உறுத்துவது விலை அல்ல. அந்த வீட்டுக்காரருக்குத் தெரியுமா என்பதே. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை 911 எஸ்5 என்ற பதிலிச் சேவையை முடக்கியதாக அறிவித்தது. இலவச விபிஎன் செயலிகளோடு ஒட்டிக்கொண்டு கணினிகளுக்குள் நுழைந்த அந்த வலையமைப்பில் 1.9 கோடிக்கும் அதிகமான ஐபி முகவரிகள் சிக்கியிருந்தன. அந்த முகவரிகள் வழியே மோசடிகள் நடந்தன. வீட்டில் இருந்தவர்களுக்குத் தம் பெயரில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. முகவரிகள் எப்படித் திரட்டப்பட்டன, உரியவர் எங்கே சம்மதித்தார், எப்படி விலகலாம் என்று விற்பனையாளரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

‘பினாமி’, பெயர் இல்லாதது என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. உண்மையான உரிமையாளர் ஒளிந்திருக்க, வேறொருவர் பெயர் முன்னே நிற்கும். எல்லாப் பதிலி வழங்கிகளையும் ‘பினாமி வழங்கி’ என்று எழுதுவது தவறு. நிறுவனத்தின் வாசலில் நிற்கும் ஸ்க்விட்டோ, தளத்தின் முன் நிற்கும் என்ஜின்எக்ஸோ யார் பெயரையும் களவாடவில்லை. வீட்டுக்காரர் அறியாமல் அவர் இணைப்பில் நுழைந்து வாடகைக்கு விடுகிறார்களே, அதற்கு மட்டும் அந்தச் சொல்லை ஒதுக்கி வைக்கலாம்.