அந்த ‘ஆம்’ யாருடைய கையெழுத்து?

சென்ற வாரம் என் மேசைக்கு வந்த கோப்பில் மணமக்கள் விசாரணைத் தாள் ஒன்று இருந்தது. ‘யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனத்துடன் இத்திருமணத்துக்கு இசைகிறீர்களா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘ஆம்’ என்று எழுதியிருந்தது. நீல மை, உருண்டையான, எழுதிப் பழகிய எழுத்து. அதற்கு இரண்டு விரற்கடை கீழே மணமகளின் கையொப்பம். கறுப்பு மை, சின்னஞ்சிறு எழுத்துகள், இடப்புறம் சாய்ந்தவை. இரண்டும் ஒரே கை எழுதியவை அல்ல என்று சொல்ல நிபுணர் யாரும் தேவைப்படவில்லை. தாள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பப்பட்டிருக்கிறது. அம்மா நிரப்பியிருக்கிறார். மகள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். பங்கு அலுவலகம், அதாவது உள்ளூர் ஆலயத்தின் அலுவலகம், முத்திரை குத்தி வாங்கி வைத்துக்கொண்டது.

நான் கத்தோலிக்கத் திருமண நடுவர் மன்றம் ஒன்றில் பிணைப்புப் பாதுகாவலராகப் பணியாற்றுகிறேன். ஒரு திருமணம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று யாராவது மனுக் கொடுத்தால், அது செல்லும் என்பதற்கு உள்ள நியாயங்களைத் தேடித் திரட்டி முன்வைப்பது என் பொறுப்பு. திருமணங்களைக் காப்பாற்றத்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஆனால் இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் எதைக் காப்பாற்றுவது? இந்த வகைக் கோப்பு இது முதலாவதும் அல்ல. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக இங்கே சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரண்டு மைகளை மட்டும் மாற்றவில்லை.

தாயார் சாட்சி சொல்ல வந்தார். கெட்டவர் அல்லர். மகள் நன்றாக வாழ வேண்டும் என்று உண்மையாகவே விரும்பியவர். அவர் கேட்டது இதுதான்: “ஆலயத்தில் நடந்தது. மூன்று குருக்கள் பீடத்தில் நின்றார்கள். பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறது. சாமியார் முடித்துவைத்த திருமணம் எப்படிச் செல்லாமல் போகும்?”

இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதம் இல்லை. படித்தவர்கள் கேட்கிறார்கள். ஞாயிறு தவறாமல் திருப்பலிக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். மறைக்கல்வி ஆசிரியர் ஒருவரே கேட்டிருக்கிறார். அதனால் விரிவாகவே பதில் சொல்லிவிடுகிறேன்.

குரு திருமணத்தை முடித்துவைப்பதில்லை. மேலைத் திருஅவையின் இலத்தீன் மரபில் இந்த அருட்சாதனத்தை (கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்கை) ஒருவருக்கொருவர் வழங்குகிறவர்கள் மணமக்களே. குரு அங்கே நின்று இருவரின் இசைவையும் கேட்கிறார். திருஅவையின் பெயரால் அதை ஏற்றுக்கொள்கிறார். அவ்வளவுதான். 1983-ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு, 1057-ஆம் சட்டத்தில் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது: திருமணத்தை உண்டாக்குவது இருவரின் இசைவு, அந்த இசைவு இல்லாத இடத்தை எந்த மனித அதிகாரமும் இட்டு நிரப்ப முடியாது. எந்த மனித அதிகாரமும் என்றால் பெற்றோர், பங்குத்தந்தை, ஆயர், திருத்தந்தை எல்லோருமே அதில் அடக்கம்.

இது நேற்று வந்த புதுக் கருத்து அன்று. 866-இல் பல்கேரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதிய திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ், சடங்குகள் எத்தனை குறைந்தாலும் இசைவு இருந்தால் போதும், இசைவு இல்லையென்றால் மற்றவை அனைத்தும், உடலுறவு உட்பட, வீண் என்ற பொருளில் எழுதினார். அதன்பின் பல நூற்றாண்டுகள் மேலைத் திருஅவையில், சாட்சியும் குருவும் இல்லாமல் இருவர் தனியாக வாக்களித்துக்கொண்டால்கூட அது திருமணம்தான். தடை செய்யப்பட்ட செயல். ஆனால் செல்லுபடியான திருமணம். அதனால் வந்த சிக்கல் கொஞ்சமல்ல. ஒருத்திக்கு மறைவில் வாக்குக் கொடுத்தவன் இன்னொருத்தியை ஊரறிய மணந்துகொண்டு, முன்னதை மறுத்துவிடுவான். ஏமாந்தவளிடம் ஆதாரம் இருக்காது. இதைத் தடுக்கத்தான் திரெந்து நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம் 1563-இல், பங்குத்தந்தையும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாமல் செய்யும் திருமணம் செல்லாது என்று விதித்தது. அந்த விதி குருவைச் சாட்சியாகத்தான் கொண்டுவந்து நிறுத்தியது. இன்றும், உரிய குரு கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்று நியாயமாகத் தெரிகிற சூழலில், மணமக்கள் இரண்டு சாட்சிகள் முன்னால் மட்டும் இசைவு தெரிவித்துச் செல்லுபடியாக மணந்துகொள்ளலாம். குரு இல்லாமல் திருமணம் உண்டு. இசைவு இல்லாமல் கிடையாது.

இன்னொரு சான்று சொல்கிறேன்; எனக்கு இதைவிடத் தெளிவானது வேறில்லை. சடங்கு முறையில் பிழை நேர்ந்துவிட்டால், அல்லது விலக்கு அளிக்கக்கூடிய தடை ஒன்று கவனிக்கப்படாமல் போய்விட்டால், திருஅவை அந்தத் திருமணத்தை வேரிலிருந்தே செல்லுபடியாக்க முடியும். தம்பதியர் மீண்டும் பீடத்தின் முன் வந்து நிற்கக்கூடத் தேவையில்லை. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இருவரின் இசைவும் உயிரோடு இருக்க வேண்டும். இசைவே இல்லாத திருமணத்தை வேரிலிருந்து குணப்படுத்தத் திருத்தந்தைக்கே அதிகாரம் இல்லை. வேர் எது என்று இப்போது தெரிகிறதல்லவா?

மற்றத் திருஅவைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கலப்பு மணங்களில்தான் குழப்பம் அதிகம். கீழை மரபில், ஆர்த்தடாக்ஸ் திருஅவைகளிலும் கீழைக் கத்தோலிக்கத் திருஅவைகளிலும், குருவின் ஆசி திருமணம் செல்வதற்கே இன்றியமையாதது. மணமக்களுக்கு முடிசூட்டும் சடங்கு அங்கே வெறும் அலங்காரம் அன்று. அதனால் மணமக்களில் ஒருவர் கீழை மரபினர் என்றால், குருவுக்கு அடுத்த படியிலுள்ள திருத்தொண்டர் நடத்திவைக்கக் கூடாது, குருவே வேண்டும். 2016-இல் இலத்தீன் சட்டத் தொகுப்பிலும் இது சேர்க்கப்பட்டுவிட்டது. இன்னும் சில பங்குகளில் இதைக் கவனிப்பதில்லை, கவனியுங்கள். சீர்திருத்தத் திருச்சபைகள் திருமணத்தை அருட்சாதனமாக எண்ணுவதில்லை. லூத்தர் அதை உலக நிர்வாகம் சார்ந்த காரியம் என்றே சொன்னார். ஆனால் கடவுள் ஏற்படுத்திய நிலை என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. இவ்வளவு வேறுபாடுகளுக்கு நடுவிலும், மணமக்களின் சொந்தச் சம்மதம் தேவையில்லை என்று சொல்லும் திருச்சபையை நான் கண்டதில்லை. தொடக்கநூலில் ரெபேக்காவின் வீட்டார் எல்லாம் பேசி முடித்த பிறகும் அவளைக் கூப்பிட்டு, ‘இவரோடு போகிறாயா?’ என்று கேட்கிறார்கள். ‘போகிறேன்’ என்று அவள் வாயால் சொல்கிறாள்.

இன்னொரு குழப்பம்: திருமுழுக்குப் பெற்ற இருவர், இருவருமே சீர்திருத்தத் திருச்சபையினர், பதிவு அலுவலகத்தில் மட்டும் மணந்துகொண்டிருந்தாலும், வேறு தடை இல்லாவிட்டால், கத்தோலிக்கத் திருஅவை அதைச் செல்லுபடியான திருமணமாகவே மதிக்கிறது. பிறகு அவர்கள் கத்தோலிக்கரானால் மறுபடி மணமுடிக்க வேண்டியதில்லை. கத்தோலிக்கர் ஒருவர் விதிவிலக்குப் பெறாமல் அதையே செய்தால் செல்லாது. ஆலயக் கட்டடத்தில் நடந்ததா என்பதை மட்டும் வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் முதல் இடத்தில் தவறிவிடுகிறார்கள்.

சரி, இசைவு என்பது என்ன? ‘ஆம்’ என்ற ஒலி மட்டும் இசைவு ஆகாது. என்ன செய்கிறோம் என்று தெரிந்து, செய்ய இயன்று, தானே விரும்பிச் சொல்வது இசைவு. இதில் ‘தானே விரும்பி’ என்ற இடத்தில்தான் குடும்பங்கள் கைவைக்கின்றன. அச்சத்தால் கொடுத்த இசைவு செல்லாது என்று 1103-ஆம் சட்டம் சொல்லும்போது, கத்தியைக் காட்டி மிரட்டுவதை மட்டும் நினைத்துக்கொள்கிறார்கள். பெற்றோர் மீதுள்ள மரியாதையிலிருந்து பிறக்கும் அச்சமும், கடுமையானதாக இருந்தால், அதில் அடங்கும். அப்பா மூன்று வாரம் பேசாமல் இருந்தது, அம்மா சாப்பிடாமல் படுத்தது, ‘நான் செத்துப்போவேன்’ என்ற ஒரு சொல், ‘உன் தங்கையின் வாழ்க்கையை நினைத்துப் பார்’ என்ற தினசரிப் பல்லவி. அந்த அச்சத்தை வேண்டுமென்றே ஊட்டியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. அதிலிருந்து தப்பத் திருமணத்தைத் தவிர வேறு வழி இல்லை என்று அந்தப் பெண்ணோ பையனோ உணர்ந்தார்களா என்பதையே மன்றம் பார்க்கிறது. ஆம், பையன்களும்தான். அவர்கள் அதை வெளியே சொல்ல இன்னும் அதிகக் காலம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஏமாற்றுவதும் அப்படியே. குழந்தை பெற இயலாமை திருமணத்துக்குத் தடை அன்று. இதை எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. ஆனால் அது தெரிந்திருந்தும், சம்மதம் பெறுவதற்காகவே மறைத்திருந்தால், அந்த மறைப்பு திருமணத்தையே செல்லாததாக்கலாம். நோயை மறைப்பது, முந்தைய உறவில் பிறந்த குழந்தையை மறைப்பது எல்லாம் இதே கண்ணோட்டத்தில்தான் ஆராயப்படும். ‘வேலை கிடைத்தால்தான் இந்தத் திருமணம்’ என்று எதிர்காலத்தை நிபந்தனையாக்கி இசைந்தால், அதுவும் செல்லாது. வாயால் ‘ஆம்’ சொல்லிவிட்டு, குழந்தையே வேண்டாம் என்றோ, பிடிக்காவிட்டால் விட்டுவிடுவேன் என்றோ மனத்துக்குள் உறுதியாகத் தீர்மானித்திருப்பதும் அப்படியே.

மன்றம் கத்தோலிக்கரின் மணமுறிவு அலுவலகம் என்று நினைக்க வேண்டாம். செல்லுபடியாக நடந்து, தாம்பத்தியத்தால் நிறைவுற்ற அருட்சாதனத் திருமணத்தை எந்த மனித அதிகாரமும் கலைக்க முடியாது. நாங்கள் பார்ப்பது ஒரே ஒரு தருணத்தை: இசைவு சொன்ன அந்தத் தருணம். அதற்குப் பின் வந்த சண்டை, குடி, துரோகம் எல்லாம் வேதனையானவை. ஆனால் அவை தாமாகவே ஒரு திருமணத்தைச் செல்லாததாக்குவதில்லை. ஐயம் இருந்தால் சட்டம் திருமணத்தின் பக்கமே நிற்கும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: திருமணம் செல்லாது என்று தீர்ப்பானால் குழந்தைகள் முறைதவறிப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள் என்பது பொய். பெற்றோரில் ஒருவராவது நல்ல மனத்துடன் ஏற்று நடத்திய திருமணத்தில் பிறந்த குழந்தைகள் முறையான குழந்தைகளே. இந்தப் பயத்தால் ஆண்டுக்கணக்கில் மன்றத்தின் வாசலை மிதிக்காத தாய்மாரைப் பார்த்திருக்கிறேன்.

பங்குத்தந்தையரே, மரியாதையோடு, ஆனால் கோபத்தோடுதான் சொல்கிறேன். விசாரணைத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். மணமகளைத் தனியாக உட்கார வையுங்கள், மணமகனைத் தனியாக. அம்மா கதவுக்கு வெளியே இருக்கட்டும். அழுதாலும் வெளியே இருக்கட்டும். கேள்வியைப் படித்துக் காட்டிவிட்டு உடனே அடுத்ததற்குத் தாவாதீர்கள். இரண்டாம் முறை, வேறு சொற்களில் கேளுங்கள்: “இது நின்றுபோனால் நீங்கள் என்ன உணர்வீர்கள்?” நிம்மதி என்று யாராவது சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிடுங்கள். ‘பத்து நாளில் திருமணம், மண்டபம் பேசியாகிவிட்டது’ என்று அவசரப்படுத்துகிறவர்களின் அவசரம் உங்களுடையது அன்று.

நடக்கவிருக்கும் திருமணத்தை ஆலயத்தில் அறிவிக்கும் ஓலையை வாசிக்கும்போது சபையில் இருப்பவர்களும் கேளுங்கள். தடை ஏதும் தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்பது ஒவ்வொரு நம்பிக்கையாளரின் கடமை. முந்தைய திருமணம் ஒன்று இருப்பது தெரிந்தும் ‘நமக்கெதற்கு’ என்று பேசாமல் இருந்தவர்கள், பிறகு சாட்சிக் கூண்டில் எங்களிடம் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொல்கிறார்கள். அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

பெற்றோரே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். வரன் தேடுங்கள், ஆலோசனை சொல்லுங்கள், பிடிக்கவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்காக நீங்கள் சொல்ல முடியாத சொல் ஒன்று உண்டு. அதை அவர்கள் வாயிலிருந்து பிடுங்காதீர்கள். பிடுங்கினால், அன்று ஆலயத்தில் நடப்பதற்குத் திருமணம் என்று பெயர் இல்லை.

அப்படி அச்சத்தில் இசைந்து, பிறகு அந்த மனிதரை நேசிக்கத் தொடங்கி, இன்று அவரோடுதான் வாழ விரும்புகிறவர்களும் உண்டு. அவர்கள் மன்றத்துக்கு வர வேண்டியதில்லை, பங்குத்தந்தையிடம் போங்கள். அன்று கொடுக்காத இசைவை இன்று கொடுத்துத் திருமணத்தைச் செல்லுபடியாக்க வழி இருக்கிறது. வெளியே நிரூபிக்க இயலாத குறை என்றால் அந்த இசைவைத் தனிமையிலேயே கொடுக்கலாம். நிரூபிக்கக்கூடியது என்றால் குருவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். பந்தலும் விருந்தும் தேவையில்லை.

அடுத்த வாரம் திருமணத்தை வைத்துக்கொண்டு, இரவில் தூக்கம் வராமல் இதைப் படிக்கிற யாராவது இருந்தால்: நாளைக் காலையிலேயே பங்குத்தந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அழைப்பிதழ் கொடுத்தாயிற்றே என்று நினைக்காதீர்கள். பீடத்தின் முன் நின்று, கேள்வி கேட்கப்பட்ட பிறகுகூட, ‘இல்லை’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்தக் கணமே அவர் நிறுத்தியாக வேண்டும்.