பத்து ரூபாய் மத்தியை ஏன் கடலில் கொட்டினார்கள்?

1997 ஜனவரி 14. வட கேரளத்தின் வடகரை கடற்கரையில் அன்று காலை மத்தி மீன் குவிந்துவிட்டது. ஏலம் எடுக்க ஆளில்லாமல் 11 படகுகள் நின்றன. அங்கே விலை பூஜ்யம். அதே நேரத்தில் 15 கிலோமீட்டருக்குள் இருக்கும் சோம்பாலாவிலும் கொயிலாண்டியிலும் மத்தி கிலோ சுமார் 10 ரூபாய்க்குப் போனது. அந்த இரண்டு கரைகளிலும் சேர்த்து 27 வியாபாரிகளுக்கு மீன் கிடைக்கவில்லை.

பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களின் 15 மீன் சந்தைகளை 1996 முதல் 2001 வரை வாரம் தவறாமல் கணக்கெடுத்தார். அவர் பதிவு செய்த ஒரு காலைப்பொழுதுதான் இது. சந்தை எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆய்வு வேறொன்று எனக்குத் தெரியாது.

சரி, வடகரைக்காரர்கள் பக்கத்துக் கரைக்குப் போயிருக்கலாமே? நடைமுறையில் அது முடியாது. மீன் ஏலம் விடியற்காலையில் சில மணி நேரம்தான். ஒரு கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு இன்னொரு கரைக்கு ஓட நேரம் இருக்காது, டீசல் செலவும் கட்டாது. மத்தியோ சீக்கிரம் கெட்டுப்போகும் மீன். அதை ஐஸில் வைத்து மறுநாள் விற்கும் வசதியும் அங்கே இல்லை. பக்கத்துக் கரையிலும் மீன் குவிந்திருந்தால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் எல்லோரும் சொந்த ஊர்க் கரைக்கே திரும்பினார்கள். விளைவு, பிடித்த மீனில் 5 முதல் 8 சதவீதம் வரை வீணானது.

அந்த 1997 ஜனவரி கடைசியிலேயே கோழிக்கோட்டுப் பகுதிக்கு மொபைல் போன் வந்தது. கண்ணூருக்கு 1998இல், காசர்கோட்டுக்கு 2000இல். கோபுரங்கள் கரையை ஒட்டி இருந்ததால் 20 கிலோமீட்டர் தாண்டிக் கடலிலும் சிக்னல் கிடைத்தது. படகில் இருந்தபடியே நாலு கரைகளுக்குப் போன் போட்டு விலை கேட்டார்கள்.

இதற்குப் பிறகு நடந்தது கணக்குதான். இரண்டு கரைகளுக்கு இடையே விலை வித்தியாசம் கிலோவுக்கு 5 ரூபாய், போக டீசல் செலவு 1 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 ரூபாய் லாபத்துக்காகச் சில படகுகள் விலை கூடிய கரைப் பக்கம் திரும்பும். போன இடத்தில் வரத்து கூடி விலை இறங்கும். விட்டுவந்த இடத்தில் வரத்து குறைந்து விலை ஏறும். வித்தியாசம் டீசல் செலவுக்குச் சமமாகும்வரை இது ஓடும், அப்புறம் நின்றுவிடும். ஒரு அதிகாரியும் உத்தரவு போடவில்லை. விலைதான் எங்கே மீன் வேண்டும் என்று சொன்னது. முன்பும் அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. கடலுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

முன்பு ஏறக்குறைய எல்லோரும் சொந்தக் கரையிலேயே விற்றார்கள். போன் வந்தபின் 30 முதல் 40 சதவீதம் பேர் வெளிக் கரைகளில் விற்கத் தொடங்கினார்கள். மீன் வீணாவது அநேகமாக நின்றேபோனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் ஒரே நேரத்தில் நன்மை எப்படி வரும்? கடலில் கொட்டிய மீன் இப்போது சாப்பாட்டுத் தட்டுக்கு வந்ததும், தேவைப்பட்ட கரைக்கே மீன் போனதும்தான் காரணம். போன் வாங்காத படகுகளுக்குக்கூட ஓரளவு பலன் கிடைத்தது, அவர்கள் கரையில் நெரிசல் குறைந்ததால்.

ஆனால் போன் எல்லாக் கட்டையும் அவிழ்த்துவிடாது. தரகரிடம் கடன் வாங்கிப் படகு இறக்கியவர், பிடித்ததை அவர் வழியாகவே விற்க வேண்டும் என்ற வழக்கம் நம் கடலோரங்களிலும் உண்டு. அப்படிப்பட்டவருக்குப் பக்கத்துக் கரை விலை தெரிந்து என்ன பயன்? செய்தி கிடைத்தால் மட்டும் போதாது, அதன்படி நடக்கும் உரிமையும் கையில் இருக்க வேண்டும். இதைப் பேசாமல் போனை மட்டும் புகழ்வது பாதிக் கதைதான்.

இந்த மாற்றம் மீனோடு நிற்கவில்லை. வெளிக் கரைகளுக்குப் போன மீனவர்கள் அங்கே எந்தப் பட்டறையின் படகு அதிக வருடம் உழைக்கிறது என்று நேரில் பார்த்தார்கள், விசாரித்தார்கள். அதுவரை உள்ளூர்ப் பட்டறையிலேயே படகு வாங்கிப் பழகியவர்கள் அவர்கள். ஜென்சனும் நோலன் மில்லரும் பின்னர் செய்த ஆய்வில், நல்ல படகு கட்டிய பட்டறைகளுக்கு வேலை குவிந்ததும், மற்றவை பல மூடப்பட்டதும் தெரியவந்தது. வளர்ந்த பட்டறைகளில் வேலையைப் பிரித்துச் செய்ய ஆட்கள் சேர்ந்தார்கள். படகு கட்டும் செலவும் குறைந்தது.