4294967297-ஐ வகுக்காமலே உடைப்பது எப்படி?

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இதை 2, 3, 5, 7, 11 என்று வரிசையாக வகுத்துக்கொண்டே போனால், வெகு தூரத்துக்கு மீதி நின்றுகொண்டே இருக்கும். 2-ன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வருவது இது. அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று வைத்து 1 கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். அதனால் இதே வழியில் வரும் எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்று 1640-ல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார், ஆனால் நிரூபணம் இல்லை.

1732-ல் கணித மேதை ஆய்லர் 4294967297-ஐ உடைத்தார்: 641 × 6700417. சரி, 641 எங்கிருந்து வந்தது? இந்த எண்ணுக்குப் பகாக் காரணி இருந்தால், அது 64-ன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகத்தான் இருக்க வேண்டும் என்று அவரே நிரூபித்திருக்கிறார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, அப்புறம் 641, அவ்வளவுதான், ஐந்தாவது முயற்சியிலேயே சிக்கிவிடுகிறது.

இதைவிட எனக்குப் பிடித்தது, பெரிய எண்ணைத் தொடாமலே சரிபார்க்கும் வழி. 641 என்பது 5 × 128 + 1, அதே 641 தான் 625 + 16-உம். முதலாவதன்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 128-ன் மீதியை −1 என்று எடுத்துக்கொள்ளலாம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1; 128 என்பது 2-ன் 7-ஆம் அடுக்கு என்பதால், 625-ஐ 2-ன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால் மீதி 1 என்று ஆகிறது. இரண்டாவதன்படி 625-க்குப் பதில் −16 போடலாம், 16 என்பது 2-ன் 4-ஆம் அடுக்கு, ஆகவே 2-ன் 32-ஆம் அடுக்கின் மீதி −1. ஒன்றைக் கூட்டுங்கள், பூஜ்யம்! நான்கே வரியில் முடிந்துவிடுகிறது.

காரணியே தெரியாமல் இது பகா எண் இல்லை என்று சொல்லவும் வழி உண்டு. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடிந்தால், ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். இந்த எண்ணோ 65536-ன் வர்க்கம் + 1-ன் வர்க்கம், கூடவே 62264-ன் வர்க்கம் + 20449-ன் வர்க்கம். கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், அச்சாகப் பொருந்தும்.

ஆனாலும் இது லேசில் பிடிபடுகிற எண் இல்லை. 2-ஐ, எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி அந்த எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வருகிறதா என்பது பிரபலமான ஒரு பகா எண் சோதனை. அதில் இது தேறிவிடுகிறது, 2-க்குப் பதில் 3-ஐ வைத்தால்தான் மாட்டுகிறது.

இதிலிருந்து 2-ஐக் கழித்தால் 4294967295, அதாவது 3 × 5 × 17 × 257 × 65537, ஃபெர்மாவின் அந்த ஐந்து எண்களும் அப்படியே. 65537-க்குப் பிறகு இந்த வரிசையில் இன்னொரு பகா எண் இதுவரை அகப்படவில்லை. அடுக்கு 32-லிருந்து 2-ன் 32-ஆம் அடுக்கு வரை அத்தனையும் பகு எண்கள் என்று உறுதியாகிவிட்டது, அதற்கு அடுத்தது எப்படி என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.