அரசமரத்துக் கிளியின் பச்சை

மதுரைக்காரர்களுக்குக் கிளி என்றதும் மீனாட்சியின் கைதான் நினைவுக்கு வரும். அந்தக் கிளியை வரைவது எளிது. பக்கத்தில் இலைகள் கிடையாது. அழகர்கோவில் சாலையோர அரசமரத்தில் பழம் தின்ன வரும் செந்தார்ப் பைங்கிளியை வரைவது வேறு வேலை. தலைக்கு மேல் கீச்சொலி கேட்கும், பழத்துணுக்கு தாளிலேயே வந்து விழும், கிளியை மட்டும் காணமுடியாது. நான்கு தாள்களை வீணாக்கினேன். ஒவ்வொன்றிலும் சிவந்த அலகு மட்டும் இலைகளுக்கு நடுவே தனியாகத் தொங்கியது.

ஒரு பொருளின் விளிம்பைத் தேடும்போது நம் கண் நிறத்தைவிட வெளிச்ச வேறுபாட்டையே அதிகம் நம்புகிறது. கிளியும் இலையும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினால் விளிம்பு கரைந்துவிடும். செல்பேசியில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தேன். கிளி இருந்த இடமே தெரியவில்லை. எத்தனை விதமாகப் பச்சையைக் கலந்தாலும் பயனில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

இத்தனைக்கும் அந்த இரண்டு பச்சைகளும் ஒரே வழியில் பிறந்தவை அல்ல. இலையில் பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொள்ள, பச்சை மிஞ்சுகிறது. கிளியின் இறகிலோ பச்சை நிறமியே இல்லை! இறகின் இழைகளுக்குள் கெரட்டின் புரதம் பஞ்சுபோல் அமைந்திருக்கிறது. அதன் துளை ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடச் சிறியது. அந்தப் பஞ்சு நீல ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது. அதற்கு அடியில் உள்ள மெலனின் என்ற கருநிறமி மற்ற நிறங்களை விழுங்கிவிடுகிறது. மேலே மஞ்சள் நிறமி கலந்த ஓர் அடுக்கு. நீலமும் மஞ்சளும் சேர்ந்து நம் கண்ணுக்குப் பச்சையாகின்றன. மஞ்சள் நிறமி உருவாகாத கிளிகளும் இதே இனத்தில் உண்டு. அவை நீலமாகவே இருக்கும்.

இந்த மெலனின்தான் எனக்கு வழிகாட்டியது. அரசிலை மெல்லியது, வெயில் அதை ஊடுருவும். கிளியின் உடலை ஊடுருவாது. அப்படியானால் வெயிலுக்கு எதிர்ப்பக்கம் நின்றால் போதுமே என்று, மறுநாள் காலை ஏழரை மணிக்கு மரத்தின் மேற்குப் பக்கம் போய் நின்றேன். இலைகள் எல்லாம் எலுமிச்சை மஞ்சள் கலந்த பச்சையில் விளக்குப்போல் எரிந்தன. அவற்றின் நடுவே மூன்று கிளிகள், கரும்பச்சை உருவங்களாக, அத்தனை துல்லியமாக! முந்தைய நாள்களில் நான் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நீர்வண்ணம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. மெல்லிய பூச்சின் வழியாக ஒளி உள்ளே போய், வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பி வருகிறது. அதனால் இலைகளுக்கு நீர்த்த மஞ்சளும் துளி பச்சையும் போதும். கிளிக்கு அடர்நீலத்தைப் பூசி, நன்றாகக் காயவிட்டு, அதன் மேல் மஞ்சளை மெல்லிசாக ஓட்டினேன். இறகின் அடுக்கு வரிசையும் இதுதான். அவசரப்பட்டு ஈரத்தில் பூசினால் நீலம் கலங்கிச் சேறாகிவிடும்.

வால் மட்டும் வேறு மாதிரி. நீண்ட அந்த இறகுகளின் ஓரங்கள் மெல்லியவை. வெயில் அங்கே கொஞ்சம் கசிந்து வந்தது. அந்த இடத்தில் நீலத்தைத் தொடாமல் மஞ்சளை அப்படியே விட்டுவைத்தேன்.