80 ஹெர்ட்ஸ் எங்கே போனது?

கல்யாண மண்டபம் ஒன்றில் மாலைக் கச்சேரி. மிருதங்கத்தின் தொப்பிச் சத்தம் (இடப்பக்கக் கனத்த ஒலி) நடு வரிசையில் எழும்பவே இல்லை என்று மைக் செட்காரத் தம்பி கூப்பிட்டார். நான் போவதற்குள் கிராஃபிக் ஈக்வலைசரில் (ஒவ்வொரு அலைவரிசையையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் கருவி) 63, 80, 100 ஹெர்ட்ஸ் மூன்று ஸ்லைடரையும் 9 டெசிபல் ஏற்றி வைத்திருந்தார். ஆம்ப்ளிஃபயரில், தாங்கும் அளவைத் தாண்டியதைக் காட்டும் கிளிப் லைட் சிவப்பாக மின்னியது. பேஸ், அதாவது கனத்த கீழ் ஒலி, மட்டும் வந்தபாடில்லை. 9 டெசிபல் என்றால் சும்மா இல்லை, கிட்டத்தட்ட 8 மடங்கு வாட்ஸ்!

எல்லாவற்றையும் சைபருக்கு இறக்கி, எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சலான பிங்க் நாய்ஸை ஓட்டி, அளவெடுக்கும் மைக்கை நடு நாற்காலியில் காது உயரத்துக்கு வைத்தேன். திரையில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிய பள்ளம். மைக்கைப் பத்தடி இடப்பக்கம் நகர்த்தினேன். பள்ளத்தைக் காணோம்.

சந்தேகம் வந்து வயரைப் பார்த்தால், மேடைக்கு வலப்பக்கச் சப்பில் (பேஸுக்கான ஸ்பீக்கர் பாக்ஸ்) பிளஸ், மைனஸ் மாறியிருந்தது. ஒரு பாக்ஸ் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. நடுவில் உட்காருபவருக்கு இரண்டும் சம தூரம், ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஸ்லைடரை ஏற்றினால் இரண்டும் சேர்ந்துதான் ஏறும், சண்டை தீராது. வயரை மாற்றிப் போட்டதும் தொப்பி கணீரென்று வந்தது.

அப்புறம்தான் ஈக்வலைசரைத் தொட்டேன். ஐந்து இடத்தில் அளந்து, எல்லாவற்றிலும் பொதுவாகத் தெரிந்த 250 ஹெர்ட்ஸ் மேட்டை மட்டும் 4 டெசிபல் குறைத்தேன். ஓரிடத்தில் மட்டும் தெரியும் மேடு பள்ளத்துக்கு ஸ்லைடரைத் தொட்டால் மற்ற வரிசைகள் கெடும்.

அளக்கும்போது திரையில் வரும் கோடு ஸ்கேல் வைத்த மாதிரி வர வேண்டும் என்று பலர் அடம்பிடிக்கிறார்கள். பின்வரிசையில் அளந்து 16 கிலோ ஹெர்ட்ஸ் வரை நேராக்கிப் பாருங்கள், முன்வரிசைக்காரர் காதைப் பொத்திக்கொள்வார். தூரம் போகப் போக மேல் அலைவரிசையைக் காற்றே கொஞ்சம் குடித்துவிடும். கோடு மேலே போகப் போக மெல்லச் சரிந்தால் சரிதான். செல்போன் ஆப்பில் பேஸை அளக்க வேண்டாம். அந்த மைக் பேச்சுக்குச் செய்தது.

பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறதா என்று பார்க்க, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இல்லாத சாதாரண சப்பாக இருந்தால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியை வயர் முனையில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். பேட்டரியின் பிளஸை இரண்டு பாக்ஸிலும் பிளஸ் வயரில்தான் வைக்க வேண்டும். ஒரே மாடல் பாக்ஸ் இரண்டிலும் கோன் (ஸ்பீக்கரில் அசையும் கூம்பு) ஒரே பக்கம் அசைய வேண்டும். வலை மறைத்தால் டார்ச் அடித்துப் பாருங்கள்.